எங்கிருந்து வருகிறது தண்ணீர்? தமிழ்நாட்டின் நிலப்பகுதிகளைப் படிக்க ஒரு வழி

செங்கல்பட்டுப் பக்கம் கோடையில் நடும் நெல்லுக்குச் சொர்ணவாரி என்று பெயர். தஞ்சாவூரில் ஆனி மாதத்தை ஒட்டி நாற்றுவிட்டு நடுவது குறுவை. அம்பாசமுத்திரத்தில் ஏறக்குறைய அதே நாட்களில் நடுவது கார். மூன்றும் குறுகிய காலப் பயிர். மூன்றும் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் களத்துக்கு வந்துவிட வேண்டியவை. பெயர் மட்டும் ஏன் சீமைக்குச் சீமை மாறுகிறது? வட்டார வழக்கு, அவ்வளவுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். வயல் வயலாகப் போய்க் கேட்கத் தொடங்கிய பிறகுதான் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு தண்ணீர் இருப்பது புரிந்தது. சொர்ணவாரிக்குப் போன ஐப்பசி, கார்த்திகையில் பெய்து ஏரியில் தங்கிய மிச்சமும் கிணறும். குறுவைக்குக் குடகு மலையில் பெய்து மேட்டூரில் தேங்கி, வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்துவிடப்படும் காவிரி. காருக்குப் பொதிகையின் தலையில் விழுந்து ஓரிரு நாளில் வாய்க்காலுக்கு இறங்கிவிடும் தென்மேற்கு மழை. ஓரிடத்தில் போன வருஷத்து மழை, ஓரிடத்தில் அடுத்த மாநிலத்து மழை, ஓரிடத்தில் நேற்றைய மழை.

தமிழ்நாட்டின் இயற்கைப் பகுதிகள் எவை என்ற கேள்விக்கு நான் இந்த வழியாகத்தான் விடை தேடுகிறேன். பள்ளிப் புத்தகம் மலை, பீடபூமி, சமவெளி, கடற்கரை என்று நான்காகப் பிரிக்கும். தவறில்லை; ஆனால் அது நிலத்தின் உயரத்தைச் சொல்கிறதே தவிர நிலத்தைச் சொல்வதில்லை. வேளாண் துறையும் பல்கலைக்கழகமும் மாநிலத்தை ஏழு வேளாண் காலநிலை மண்டலங்களாகப் பிரித்திருக்கின்றன: வடகிழக்கு, வடமேற்கு, மேற்கு, காவிரி டெல்டா, தெற்கு, அதிக மழை, மலை. இது இன்னும் பயனுள்ள பிரிவு. ஆனாலும் தெற்கு மண்டலம் என்ற ஒரே பெயருக்குள் சிவகங்கையின் கண்மாய்ச் சங்கிலியும், கோவில்பட்டியின் கரிசலும், சாத்தான்குளத்தின் செம்மணல் தேரியும், தாமிரபரணியின் நன்செய்யும் அடைபட்டுக் கிடக்கின்றன. ஒன்றுக்கொன்று இத்தனை மாறுபட்ட நான்கு நிலங்களை ஒரே நிறத்தில் தீட்டிய வரைபடத்தை வைத்துக்கொண்டு எந்தத் திட்டத்தை வகுக்க முடியும்?

எனவே மாவட்ட எல்லையைச் சற்று மறந்துவிடுவோம். இரண்டே கேள்விகள் போதும். இந்த ஊருக்குத் தண்ணீர் எந்த மாதம், எங்கிருந்து வருகிறது? வந்த தண்ணீரை இந்தத் தரை என்ன செய்கிறது?

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டின் பரப்பு சுமார் 1,30,000 சதுர கிலோமீட்டர். அதில் ஏறக்குறைய 73 விழுக்காடு கடினப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது என்கிறது மத்திய நிலத்தடி நீர் வாரியம். சென்னை விமானத்தில் இறங்கும்போது தெரியும் பரங்கிமலையும் பல்லாவரம் குன்றுகளும் அந்தப் பாறையின் நுனிகள். அந்தக் கல்லுக்குச் சார்னகைட் என்று பெயர் வந்த கதை விசித்திரமானது. கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னக் என்ற கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் கல்லறைக் கல்லை 1893-இல் ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலந்து, அந்த மனிதரின் பெயரையே பாறைக்கு வைத்தார். கல் போனதோ பல்லாவரத்திலிருந்து. நம் ஊர்க் கல் வங்கத்தில் ஒரு சமாதியின் மேல் கிடந்து உலகப் பாடப் புத்தகங்களில் இடம்பிடித்தது.

இந்தப் பாறைக்குள் தண்ணீர் தங்க இடமில்லை. மேலே சிதைந்து மண்ணாகிக்கொண்டிருக்கும் சுக்கான் படலத்திலும், அதற்குக் கீழே கல்லில் விழுந்த வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். வெடிப்பு அகப்பட்டால் கிணறு, அகப்படாவிட்டால் குழி. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் பீறிடுவதும் நம் தோட்டத்தில் தூசி பறப்பதும் அதனால்தான்.

எஞ்சிய கால்பங்கு, பெரும்பாலும் கிழக்கு ஓரம், படிவு நிலம். கடலும் ஆறும் கொண்டுவந்து கொட்டியது. அரியலூர் ஒரு காலத்தில் கடலடி. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் இன்றும் கடல்வாழ் உயிர்களின் சுருள் ஓடுகள் கல்லாகிக் கிடக்கின்றன. அந்தச் சுண்ணாம்புக்காகத்தான் அங்கே அத்தனை சிமென்ட் ஆலைகள். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் கல்லாகிப் படுத்திருக்கிறது. சற்றுக் கிழக்கே வந்தால் நெய்வேலி. அங்கே பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இருக்கும் நீர்த்தாங்கியில் தண்ணீர் அழுத்தத்தோடு அடைபட்டிருக்கிறது. அதை இரவும் பகலும் இறைத்து வெளியேற்றினால்தான் சுரங்கத்தில் வேலை நடக்கும். ஓரிடத்தில் தண்ணீர் வேண்டுமென்று ஆயிரம் அடி துளைக்கிறோம். 200 கிலோமீட்டருக்குள் இன்னோரிடத்தில் தண்ணீர் வேண்டாமென்று இறைத்துக் கொட்டுகிறோம். தரை வேறு, அவ்வளவுதான்.

இனி மழை. மாநிலத்தின் ஆண்டுச் சராசரி மழை 920 மில்லிமீட்டரை ஒட்டியது. அதில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. இந்தச் சராசரியை நான் அதிகம் நம்புவதில்லை. வால்பாறைக்கு மேலே சின்னக்கல்லாறில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும். அங்கிருந்து மலை இறங்கிக் கிழக்கே காங்கேயம் வந்தால் 600-ஐ ஒட்டித்தான் கிடைக்கும். இரண்டையும் கூட்டி வகுத்து வரும் எண், இரண்டு ஊரிலும் யாருக்கும் பெய்யாத மழை.

மழையின் இந்த ஓரவஞ்சனைக்கு மேற்குத் தொடர்ச்சி மலை காரணம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். நீலகிரியை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரே மலைக்கு இரண்டு முகம். கூடலூர், தேவாலா பக்கம் ஆனி, ஆடி முழுக்க மூட்டமும் மழையுமாக இருக்கும். அதே நாட்களில் கோத்தகிரியில் வெயில் எட்டிப் பார்க்கும். ஐப்பசி பிறந்ததும் நிலைமை தலைகீழ். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் வடகிழக்கு மழை இறங்கும். மேட்டுப்பாளையம் மலை ரயில் பாதையில் மண் சரிந்து வண்டி நிற்பது பெரும்பாலும் இந்த நாட்களில்தான். நடுவில் ஊட்டி இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது. தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். அந்த உயரத்தில் மழையை வாங்கி வைத்துக்கொள்ள இயற்கை செய்த ஏற்பாடு சோலையும் புல்வெளியும். பள்ளங்களில் சோலை, மேடுகளில் புல், இரண்டுக்கும் நடுவே சதுப்பு. புல்லின் வேர்முடிச்சும் சதுப்பின் கரிய மண்ணும் மழையைப் பிடித்துவைத்துக் கோடையிலும் சொட்டுச் சொட்டாக ஓடைக்கு விடும். பவானிக்கும் மோயாறுக்கும் சித்திரையில் ஓடுவது அந்தச் சொட்டு. அந்தப் புல்வெளியைத் தரிசு என்று நினைத்துச் சீகை மரமும் தைல மரமும் நட்டுத் தள்ளினார்கள், வெள்ளைக்காரர் காலத்திலும் அதற்குப் பிறகும். நிலத்தின் இயல்பு தெரியாமல் செய்த காரியங்களில் இதைவிடப் பெரியது இம்மாநிலத்தில் இல்லை என்பேன்.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைச்சுவர் திடீரென்று அறுந்துபோகிறது. சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்துகிடக்கும் அந்த வாசல்தான் பாலக்காட்டுக் கணவாய். கொங்கு நாட்டின் தலையெழுத்தை எழுதியது இந்த வாசல். தென்மேற்குக் காற்று இதன் வழியாகப் புகுந்து வரும்போது பொள்ளாச்சிக்குக் கொஞ்சம் மழையைத் தரும். அங்கே தென்னை செழிக்கிறது. பல்லடம், தாராபுரம் போகப்போகக் காற்று மட்டும் மிஞ்சும். ஆடிக்காற்றில் காற்றாலைகள் சுழலும், மண் காயும். கீழே பாறை, மேலே காற்று. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு விவசாயம் வளர்ந்தது என்றால் அது கிணற்றால் வளர்ந்தது.

கொங்குக் கிணறு சதுரமாக இருக்கும். கல்லை உடைத்து உடைத்து இறக்கிய கிணறு. சுவரில் உளித்தடம் தெரியும். பக்கவாட்டில் நீட்டிய கற்படிகளில் இறங்கினால் அடியில் குளிர்ந்த பச்சை நீர் தெரியும், அல்லது தெரிந்த காலம் ஒன்று இருந்தது. கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த தலைமுறை கண்முன்னே மறைந்துவிட்டது. சரிவான பாதையில் எருதுகள் முன்னால் இறங்க, பின்னால் தோல் பை மேலேறி வாய்க்காலில் கொட்டும். இப்போது அதே கிணறுகளைப் பாருங்கள். ஆயிரம் அடி ஆழ்துளையிலிருந்து மோட்டார் விட்டுவிட்டுத் தள்ளும் தண்ணீரை இந்தப் பழைய கிணற்றில் விட்டுச் சேர்த்து, அங்கிருந்து இன்னொரு மோட்டார் போட்டுத் தோட்டத்துக்கு எடுக்கிறார்கள். ஊற்றெடுத்த கிணறு தொட்டியாகிவிட்டது.

கிணறும் இல்லாத இடத்தில் கொங்கு மக்கள் செய்தது இன்னும் நுட்பமானது. காங்கேயம் பக்கம் சாலையோரம் முள்கிளுவை வேலி போட்ட காடுகளைப் பார்க்கலாம். கொரங்காடு என்பார்கள். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது விவசாயம் விட்டுப்போன நிலம். உள்ளே நுழைந்தால் காலடியில் கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேலமரம். படலைத் திறந்து என்னை உள்ளே விட்ட பெரியவரிடம், மழை இல்லாத வருஷம் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "மழ பேஞ்சா பில்லு வருமுங்க. பேயாட்டியும் வெள்வேலங்காய் காய்க்குமுங்க. மாடு அதையப் பொறுக்கித் தின்னுக்கும்" என்றார். வேலிக்குள் விட்ட மாட்டுக்கு மேய்ப்பவர் தேவையில்லை. ஒரு காடு மேய்ந்ததும் அடுத்த காட்டுக்கு ஓட்டுவார்கள். உழவுக்கும் இறைவைக்கும் பேர்போன காங்கேயம் மாடு இந்தப் புல்லில் வளர்ந்த மாடு. புல், மரம், வேலி, மாடு நான்கும் சேர்ந்து 600 மில்லிமீட்டர் மழைக்குச் சொன்ன பதில் கொரங்காடு. அதை வீட்டுமனையாகப் பிரித்துக் கல் நடுவதைப் பார்க்கையில் மனம் தாங்குவதில்லை.

கொங்குக்கு வடக்கிலும் கிழக்கிலும் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் சிதறி நிற்கின்றன. ஜவ்வாது, ஏலகிரி, சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சை. தொடர்ச்சி என்று பெயரே தவிர, ஆறுகள் அறுத்துத் தனித்தனித் தீவாக்கிவிட்டன. மேலே சாமையும் பலாவும் மிளகும், அடிவாரத்தில் வெயில். தருமபுரி, கிருஷ்ணகிரியின் பழைய பாராமகால் சீமையும் ஓசூர் மேட்டுநிலமும் மைசூர் பீடபூமியின் படிக்கட்டு. ஓசூரில் இரவில் போர்வை வேண்டும், கிருஷ்ணகிரியில் மாம்பழம் பழுக்கும். இந்தப் பகுதிக்குத் தனியே ஒரு கட்டுரை வேண்டும்; இங்கே கடந்து செல்கிறேன்.

பாலாற்றுப் படுகையில் ஆறு தரைக்கு மேலே ஓடுவதைவிட மணலுக்குள் ஓடுவதே வழக்கம். வெள்ளம் வந்து போனபின் மணலுக்குள் நின்ற நீரை ஊற்றுக்கால் வெட்டி ஊருக்குக் கொண்டுபோனார்கள். மணலை அள்ளியதும் தோல் பதனிடும் கழிவு இறங்கியதும் அந்த ஏற்பாட்டை முறித்துவிட்டன. ஆற்றை நம்பாத ஊர்கள் ஏரியை நம்பின. மாநிலத்தில் சுமார் 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. வடக்கே அதற்கு ஏரி, வைகைப் பக்கம் கண்மாய், தாமிரபரணியிலும் கோவையிலும் குளம். சென்னையின் வெள்ளத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும் பள்ளிக்கரணைச் சதுப்பையும் ஏரிகளையும் பற்றிச் சொல்லிவிட்டார்கள். அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

காவிரிக்கு வருவோம். டெல்டா என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஒரத்தநாட்டுக்காரர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. 120 அடி உயரத்துக்கு 93.47 டி.எம்.சி. கொள்ளும் அணை. அதே திட்டத்தின் பகுதியாகக் கல்லணையிலிருந்து தெற்கே ஒரு கால்வாய் வெட்டினார்கள். ஏட்டில் அது கல்லணைக் கால்வாய். ஊரார் வாயில் இன்றும் புது ஆறு. காவிரியும் வெண்ணாறும் ஆயிரமாயிரம் ஆண்டுகளாக வண்டல் கொட்டி வளர்த்தது பழைய டெல்டா. புது ஆறு பாய்ந்த பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு மேட்டுப் பக்கமோ செம்மண்ணும் சரளையும் கலந்த பழைய தரை. தண்ணீர் மட்டும் புதிது. மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினாலே தெரியும். ஒரு பக்கம் கருத்த வண்டல் பிசுபிசுவென்று ஒட்டும். மறுபக்கம் செம்மண் பொலபொலவென்று உதிர்ந்து தண்ணீரைக் குடித்துவிடும். ஒரே அணை, ஒரே தேதி, இரண்டு நிலம். இரண்டுக்கும் நெல்லையே விதிப்பது சரியா என்று அங்கே இருப்பவர்களே கேட்கிறார்கள். தென்னையும் நிலக்கடலையும் அந்தக் கேள்விக்கு அவர்கள் தேடிக்கொண்ட விடை.

பழைய டெல்டாவுக்குள்ளும் தலைமடை வேறு, கடைமடை வேறு. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் பேருந்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நிலம் இறங்குவதே தெரியாது. அவ்வளவு சமதளம். ஆற்றில் வேகம் குறைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. அடைமழை பெய்தால் அதே கடைமடையிலிருந்து தண்ணீர் வடியாது. பஞ்சத்துக்கும் வெள்ளத்துக்கும் ஒரே ஊரில் ஒரே வருஷத்தில் ஆளாகும் வயல்கள் இவை. ஆறு ஓய்ந்த இடத்தில் கடல் உள்ளே ஏறுகிறது. முத்துப்பேட்டையின் அலையாத்திக் காடு அந்தக் கலப்பு நீரில் வளர்ந்தது. வேதாரண்யத்தில் உப்பளம். கோடியக்கரையில் கடலோரத்தில் நின்றுகொண்டே கோடையிலும் பச்சை மாறாத ஒரு வறண்ட காடு, வலசைப் பறவைகளின் சதுப்பு. நெற்களஞ்சியம் என்ற ஒற்றைப் பட்டம் டெல்டாவின் இந்த முகங்களையெல்லாம் மூடிவிட்டது.

வைகை பெரும்பாலும் கடலுக்குப் போகாத ஆறு. வருசநாட்டில் பிறந்து, வழியெல்லாம் கண்மாய்களை நிரப்பி, கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடுகிறது. இப்படி ஓர் ஆற்றைக் கண்மாய்களுக்குப் பங்குவைத்த ஏற்பாட்டை வியக்காமல் இருக்க முடியாது. மேல் கண்மாய் நிரம்பிக் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்தால் கீழ் கண்மாய்க்கு வரத்து. அது நிரம்பினால் அடுத்தது. பக்கத்துப் பக்கத்து ஊர்களை உறவாக்கியதும் பகையாக்கியதும் இந்த மறுகால்தான். மடை திறக்க நீர்ப்பாய்ச்சி இருந்தார். அவருக்கு ஊர் களத்தில் நெல் அளந்தது. இந்தச் சீமையில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர். அதனால் வயலுக்குக் கண்மாய், வாய்க்கு ஊரணி என்று தனியாக வெட்டிக்கொண்டார்கள்.

முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு சித்திரை மதியம் வற்றிய ஓடையில் ஆள் உயரத்துக்குத் தோண்டிய மணல் ஊற்றின் முன் உட்கார்ந்திருந்தேன். அடியில் ஒரு பெண் குத்தவைத்துச் சிரட்டையால் தண்ணீர் கோரிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தார். நான்கு சிரட்டை கோரியதும் நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். ஏன் நிறுத்திவிட்டீர்கள் அக்கா என்றதற்கு, "இதுக்கு மேல கோருனா உப்புத் தண்ணி ஏறிரும் தம்பி. ஊற விட்டு ஊற விட்டுத்தான் எடுக்கணும்" என்றார். உவர் நீரின் மேல் மெல்லிய ஏடாக மிதக்கும் நன்னீர், நீரியல் படித்தவர்கள் படம் வரைந்து விளக்கும் விஷயம். அவர் கைப்பழக்கத்தில் அது இருந்தது.

அங்கிருந்து மேற்கே அருப்புக்கோட்டை தாண்டினால் தரை கறுக்கிறது. கரிசல். விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி, சாத்தூர். கோடையில் இந்த மண் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பில் மேல்மண் சரிந்து விழும். மழை பெய்ததும் உப்பி மூடிக்கொள்ளும். மண் தன்னைத் தானே உழுதுகொள்கிறது. மழையில் நடந்தால் காலணியில் ஒரு படி மண் அப்பிக்கொண்டு வரும். பாறை நிலத்தில் தண்ணீர் வெடிப்பில் நிற்கிறது, வண்டலில் மணலுக்கு நடுவே நிற்கிறது. கரிசலில் மண்ணே தண்ணீராக நிற்கிறது. ஐப்பசியில் நன்றாக நனைந்துவிட்டால் அந்த ஈரத்தை வைத்தே தை வரை பருத்தியும் கம்பும் சோளமும் விளையும். கிணறும் ஏரியும் இல்லாமல் மானாவாரியாக ஒரு நாகரிகம். ஆனால் அந்த ஒரு மழை தவறினால் வேறு போக்கிடம் இல்லை. தீப்பெட்டி ஆலைகள் இங்கே வேர்பிடித்ததற்கு வறண்ட காற்றோடு இந்த நிச்சயமின்மையும் காரணம். இடைசெவல் கி. ராஜநாராயணன் கரிசல் வட்டாரச் சொற்களைத் தொகுத்து ஓர் அகராதியே செய்தார். மண்ணுக்கென்று சொற்கள் இருக்கும்போது அந்த மண்ணைத் தனிப் பகுதி என்று ஒப்புக்கொள்ள வேறு சான்று எதற்கு?

கரிசலிலிருந்து தெற்கே ஒரு மணி நேரப் பயணத்தில் தேரி. இப்படி ஓர் இடம் தமிழ்நாட்டில் இருப்பதே பலருக்குத் தெரியாது. குதிரைமொழித் தேரியில் ஏறி நின்றால் கண்ணுக்கெட்டிய வரை குங்குமச் சிவப்பில் மணல் அலை. ஒவ்வொரு மணலின் மேலும் இரும்புத் துரு மெல்லிய தோலாகப் படிந்திருக்கிறது. அந்தத் துருவே நிறம். ஆனி முதல் ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்று மணலைத் தூக்கி இடம் மாற்றும். நேற்று இருந்த வழி இன்று இருக்காது. மழை பெய்தால் ஒரு சொட்டு மேலே நிற்காது. அத்தனையும் உள்ளே போய்விடும். பாலைவனம் என்று தோன்றும் இந்த மேட்டின் அடிவாரத்தில் ஊற்று சுரப்பது அதனால்தான். பனையும் முருங்கையும் உடன்குடிக் கருப்பட்டியும் அந்த ஊற்றின் பிள்ளைகள். தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைத் தொல்லியலாளர்கள் சாய்னரும் ஆல்சினும் ஆராய்ந்து 1956-இல் எழுதினார்கள். விரல் நகம் அளவேயான கற்சில்லுகள். உலோகம் அறியாத மனிதர்களும் இந்தச் செம்மணலில் தண்ணீர் இருக்குமிடத்தைக் கண்டுபிடித்துத்தான் தங்கியிருக்க வேண்டும்.

இந்தத் தேரிக்கு வடக்கே சில கிலோமீட்டரில் தாமிரபரணியின் வாழைத் தோட்டங்கள். பொதிகையில் பிறந்து, இரண்டு பருவமழையையும் வாங்கி, எட்டு அணைக்கட்டுகள் தாண்டிப் புன்னைக்காயலில் கடல் சேரும் ஆறு. கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டம். பிறந்த மாநிலத்துக்குள்ளேயே கடல் சேர்வதால் யாரிடமும் கையேந்தாத ஆறு. காருக்குத் தென்மேற்கு, பிசானத்துக்கு வடகிழக்கு என்று இரண்டு போகம். கரிசல், தேரி, நன்செய் மூன்றையும் ஒரே நாளில் மிதிவண்டியில் பார்த்துவிடலாம். மூன்றும் ஒரே தெற்கு மண்டலம்.

கன்னியாகுமரி 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதன் மேற்குப் பாதியில் ரப்பரும் தோட்டத்துக்கொரு வீடும். கிழக்கே நாஞ்சில் நாட்டில் வயலும் நெருங்கிய தெருக்களும். மாவட்டத்துக்குள்ளேயே ஓர் எல்லை ஓடுகிறது.

மனிதர் இந்த எல்லைகளை மீறியதும் உண்டு. 1895-இல் பென்னிகுக் முடித்த பெரியாறு அணை, மேற்கே போன ஆற்றை மலைக்குள் சுரங்கம் வழியாகத் திருப்பி வைகைக்கு விட்டது. கம்பம் பள்ளத்தாக்கும் மேலூரும் அதனால் வேறு நிலமாயின. 1960களில் உருவான பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டம் ஆனைமலையின் மேற்குநீரைப் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் இறக்கியது. இவை நிலத்தின் சாய்வையும் மழையின் மாதத்தையும் படித்துவிட்டுச் செய்த மீறல்கள். ஆழ்துளைக் கிணறு அப்படி இல்லை. அதற்குக் காங்கேயமும் ஒன்று, ஒரத்தநாடும் ஒன்று, முதுகுளத்தூரும் ஒன்று. பாறையில் பல்லாண்டு மழை சேர்த்ததை ஒரு கோடையில் இறைத்துவிடுகிறது. கடலோரத்தில் உப்பை மேலே இழுக்கிறது. சிரட்டையால் கோரிய அந்தப் பெண் நான்கோடு நிறுத்தினார். மோட்டாருக்கு நிறுத்தத் தெரியாது. நிலத்தடி நீரை அரசு ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிர்காக்களாகப் பிரித்து மதிப்பிட்டிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் பிர்காவும் வருவாய்த் துறையின் கோடுதான். பாறையின் கோடு அல்ல.

அதைவிடப் பழைய ஏடு ஒன்று ஒவ்வொரு கிராம நிர்வாக அலுவலரிடமும் இருக்கிறது. 'அ' பதிவேடு. புல எண்ணுக்கு நேராக, நன்செய்யா புன்செய்யா, பாசன ஆதாரம் எது, மண்ணின் வயனமும் ரகமும் என்ன, தரம் என்ன என்று கட்டம் கட்டமாக எழுதியிருக்கும். தீர்வை போடுவதற்காக எழுதியதுதான்; ஆனாலும் என் இரண்டு கேள்விகளையும் புலம் புலமாகக் கேட்டு விடையெழுதிய ஏடு வேறு இல்லை. கரிசல், செவல், மணல் என்று மண்ணைத் தொட்டுப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். இந்தக் கட்டங்களை ஊர் ஊராக வரைபடத்தில் ஏற்றினால் தமிழ்நாட்டின் உண்மையான நிலப்பகுதிகள் தாமாகத் துலங்கும். கணினியில் ஏற்கெனவே ஏறிவிட்ட ஏடுதானே, ஒரு பல்கலைக்கழகம் மனம் வைத்தால் முடிந்துவிடும் வேலை.

சிவகங்கைச் சீமையில் ஓர் ஊரின் பதிவேட்டைப் புரட்ட வாய்த்தது. ஒரு பக்கம் முழுக்க நன்செய். பாசன ஆதாரம் என்ற கட்டத்தில் வரிசையாக ஊர்க் கண்மாயின் பெயர். ஏட்டை மூடிவிட்டு அந்தப் புலங்களைத் தேடிப் போனேன். வரத்துக்கால் தார்ச்சாலைக்கு அடியில் ஒரு சிறிய சிமென்ட் குழாயாகச் சுருங்கியிருந்தது. குழாயின் வாயில் மண் அடைத்திருந்தது. கண்மாய்க்குள் சீமைக்கருவேலம். வயலில் ஒருவர் மட்டும் நெல் போட்டிருந்தார். எங்கிருந்து பாய்ச்சுகிறீர்கள் என்று கேட்டேன். வரப்போரம் நின்ற நீல நிறக் குழாயைக் கையால் காட்டினார்.